ராசி நம்பர்

ராசி நம்பர் என்று ஒன்று உலகத்தில் கிடையாது என்பதை ஒவ்வொரு ஜூலை மாதமும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவாள் சண்முகவடிவு. சொல்லிவிட்டு, நம்பாதவர்கள் கையைத் தூக்கலாம் என்பாள். ஒரு கையும் எழும்பாது. அதே பிள்ளைகள்தான் பரீட்சை ஹாலில் எட்டாம் நம்பர் பெஞ்சு விழுந்தால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். பாளையங்கோட்டையைத் தாண்டிப் பொட்டலில் நிற்கும் பொருநைப் பல்கலைக்கழகத்தில் அவள் புள்ளியியல் பேராசிரியை. இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

அவள் தம்பி கைலாசமே நம்பவில்லை, பிறகு பிள்ளைகளைச் சொல்லி என்ன?

கைலாசத்துக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வண்ணார்பேட்டையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். இப்போது வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்துக் கிடக்கிறான். மற்ற நாளில் கடையைத் திறக்கலாம் என்று நினைக்கிறான், ஆனால் திறப்பதில்லை. வடிவு தன் கிட்னியைக் கொடுப்பதற்காக எல்லாச் சோதனைக்கும் போய் வந்தாள். பொருந்தவில்லை. வேறு யாருடையதும் அவன் உடம்பில் ஒட்டாது என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அவனுக்கு இருந்த ஒரே வழி தொட்டிக் கிட்னி.

தொட்டிக் கிட்னி என்பது ஜனங்கள் வைத்த பெயர். நோயாளியின் தோலில் கொஞ்சம் கிள்ளியெடுத்து, ஒரு கண்ணாடித் தொட்டியில் இட்டு மாதக்கணக்கில் வளர்த்தால், அவனுடைய சொந்தக் கிட்னியாகவே வளர்ந்து வரும். உடம்பு அதைத் தன்னுடையது என்றே எடுத்துக்கொள்ளும். வந்த புதிதில் எல்லாரும் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, தென் மாவட்டங்கள் முழுவதற்கும் மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தொட்டிதான் காலியாகும், காத்திருப்பவர்களோ ஐயாயிரத்துக்கு மேல் என்று. முதலில் ஒரு கமிட்டி தொட்டிகளைப் பங்கிட்டது. கமிட்டிக்காரர்களின் சம்பந்திகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் கிட்னி கெட்டுப்போனது எப்படி என்று யாரோ கோர்ட்டுக்குப் போய்க் கேட்டார்கள். கோர்ட் கமிட்டியைக் கலைத்துவிட்டு, குலுக்கல் போடச் சொல்லிப் புள்ளியியல் துறையிடம் ஒப்படைத்தது.

ஏற்பாடு எளிமையானது. மாதம் பிறந்ததும் காலை ஆறு மணிக்கு இணையதளம் திறக்கும். காத்திருப்பவர்கள் இரண்டு நாளுக்குள் பெயரைப் புதுப்பித்தாக வேண்டும். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள அரசாங்கத்துக்கு அதைவிட நல்ல வழி தோன்றவில்லை. புதுப்பித்த வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு டோக்கன் நம்பர் விழும். எத்தனை வரை ஓடியிருக்கிறது என்று தளத்திலேயே தெரிந்துகொண்டிருக்கும். ஐந்தாம் தேதி துறையின் கருத்தரங்கக் கூடத்தில், வருகிறவர்கள் எல்லாரும் பார்க்க, கம்ப்யூட்டர் குலுக்கும். வென்றவர்கள் பெயர் திரையில் வரும்.

கம்ப்யூட்டர் எப்படிக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் என்று கைலாசம் ஒருமுறை கேட்டான். இந்த மாதிரி விஷயத்தில் அவன் விட மாட்டான், கையே கருவியோடு பழகினது.

"அதுக்குக் கண்ண மூடத் தெரியாதுலே," என்றாள் வடிவு. "ஒரு நம்பரக் குடுத்தா, அத வச்சுப் பெருக்கி, மடக்கி, அடுத்த நம்பர் எடுக்கும். அத வச்சு அதுக்கு அடுத்தது. ஒவ்வொரு டோக்கனுக்கும் வரிசையா ஒரு நம்பர் போட்டுக்கிட்டே போகும். யாருக்கு ரொம்பச் சின்ன நம்பர் விழுதோ அவங்களுக்குத் தொட்டி."

"மொத நம்பர் யாரு குடுக்கா?"

"அதத்தான் விதைன்னு சொல்லுவோம். அதே விதையப் போட்டா அதே மாதிரிதான் முளைக்கும். ஒவ்வொரு மாசமும் விதை மாறணும். மனுஷன் கை வைக்க முடியாத நம்பரா இருக்கணும். அதனால அன்னைக்குப் பேப்பர்ல பாபநாசம் அணை நீர்மட்டம் எவ்வளவுன்னு பாத்து அதப் போடுதோம்."

"அப்போ மேக்க மழை பெஞ்சாத்தான் எனக்குக் கிட்னியா?" என்றான். சிரித்தால் அவனுக்கு மூச்சு வாங்கும், இருந்தும் சிரித்தான்.

ஆஸ்பத்திரி வார்டில் வேறு மாதிரிச் சொல்கிறார்கள் என்றான். செவ்வாய்க்கிழமை புதுப்பித்தால் விழாது, கிழக்கே பார்த்து உட்கார்ந்து பட்டனைத் தட்ட வேண்டும், ராகு காலத்தில் தட்டவே கூடாது என்று ஆளுக்கொரு சாஸ்திரம். ராசியான டோக்கன் நம்பர் என்றுகூட ஒன்று இருக்கிறதாம், அதைப் பிடிப்பதற்கென்றே சில பேர் கம்ப்யூட்டர் சென்டரில் போய் உட்காருகிறார்களாம். வடிவுக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. "புள்ளியியல் வாத்திச்சி தம்பி டோக்கன் நம்பரத் தொரத்திக்கிட்டு அலையுதான்னு நாலு பேரு சிரிக்கவா? ராசி நம்பர்னு ஒண்ணு கிடையாது. நீ அந்தப் பக்கம் போனேன்னு தெரிஞ்சா எங்கிட்டப் பேசாத," என்றாள். அவன் போக மாட்டேன் என்றான். அம்மா போட்டோவைக் காட்டிச் சத்தியமும் செய்தான்.

குலுக்கல் நாளன்று வடிவு தவறாமல் போய்க் கூடத்தின் பின்பக்கம் நிற்பாள். முன்வரிசையில் எப்போதும் ஆசீர்வாதம் உட்கார்ந்திருப்பார். திசையன்விளைப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிற மனிதர். அவர் மகள் ஜெபக்கனிக்கு இருபத்துமூன்று வயது, டயாலிசிஸில் இருக்கிறாள். ஆசீர்வாதம் மாதப் பிறப்பன்று விடியுமுன்னே குளித்து, ஜெபம் செய்துவிட்டு, ஆறு அடிக்கும்போது பட்டனைத் தட்டுகிறவர். டோக்கன் ஒன்று பெரும்பாலும் அவருக்குத்தான். தப்பினால் இரண்டோ மூன்றோ. போன மாதக் குலுக்கல் முடிந்ததும் அதை வடிவிடம் பெருமையாகவே சொன்னார்.

"நம்ம பக்கம் ஒரு கொறை இருக்கக் கூடாது பாருங்க மேடம். மொத ஆளா நாந்தான் போடுதேன். பொறவு ஆண்டவர் பாத்துக்கிடுவாரு."

முந்திப் போட்டாலும் பிந்திப் போட்டாலும் ஒன்றுதான், எல்லாருக்கும் சமமான வாய்ப்பு என்று வடிவு அவருக்குப் பொறுமையாக விளக்கினாள். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனாலும் முந்திப் போடுவதில் ஒரு மரியாதை இருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

துறைக்கு ஒரு செய்தி மடல் உண்டு. 'சராசரி' என்று பெயர். பெயருக்கு ஏற்றாற்போலத்தான் இருக்கும். யார் எந்தக் கருத்தரங்குக்குப் போனார், யாருக்கு முனைவர் பட்டம் கிடைத்தது, ஓய்வு பெற்றவருக்கு யார் பொன்னாடை போர்த்தினார் என்பதைத் தவிர அதில் வேறு சங்கதி இராது. அதற்கு ஆசிரியர் வடிவு. வேறு யாரும் ஏற்றுக்கொள்ளாததால் வந்த பதவி. குலுக்கல் துறையிடம் வந்து இரண்டு வருடம் நிறைந்ததையொட்டி ஒரு சிறப்பிதழ் கொண்டுவர வேண்டும் என்று துறைத்தலைவர் செல்லத்துரை சொன்னார். குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்திருக்கிறது என்று ஓர் ஆய்வுக் கட்டுரை, வென்றவர்கள் சிலரோடு பேட்டி, அவ்வளவுதான் அவர் கேட்டது.

ஆய்வில் ஒரு வில்லங்கமும் இல்லை. ஆண், பெண், சாதி, மதம், மாவட்டம், வருமானம், வயது என்று எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் தொட்டிகள் நியாயமாகவே பங்கிடப்பட்டிருந்தன. பணக்காரனுக்கு ஒன்று கூடவில்லை, ஏழைக்கு ஒன்று குறையவில்லை. வடிவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, இந்த நாட்டில் ஒரு காரியம் இவ்வளவு சுத்தமாக நடக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? கட்டுரையை எழுதி முடித்துவிட்டுப் பேட்டிக்குக் கிளம்பினாள்.

முதலில் போனது மேலப்பாளையத்தில் காஜா மைதீன் என்பவரிடம். தொட்டிக் கிட்னி வைத்து ஒரு வருடம் ஆகிறது, ஆள் திடமாக இருந்தார். புதிதாக டீக்கடை போட்டிருந்தார். கடையின் பெயர்ப் பலகையில் பெரிய எழுத்தில் '4172 டீ ஸ்டால்' என்று இருந்தது. என்ன இது, டெலிபோன் நம்பரா என்று வடிவு கேட்டாள். தன்னுடைய டோக்கன் நம்பர் என்றார் மைதீன். புதுப்பிக்க மறந்துபோய், இரண்டாம் நாள் மத்தியானம் சம்சாரம் திட்டின பிறகு அவசர அவசரமாகப் போட்டாராம். அந்த நம்பர்தான் உயிர் கொடுத்தது, அதனால் கடைக்கு வைத்துவிட்டேன் என்று சொல்லி, இஞ்சி தட்டிப் போட்டு ஒரு டீ கொடுத்தார். வடிவு சிரித்துக்கொண்டே குடித்தாள். செய்தி மடலுக்கு நல்ல தலைப்பு கிடைத்தது என்றுதான் அப்போது நினைத்தாள்.

மறுநாள் சங்கரன்கோவில் பக்கம் முப்புடாதி என்ற ஆட்டோக்காரர். போன தீபாவளியை ஒட்டி அவருக்குத் தொட்டி விழுந்தது. வாசலில் நின்ற ஆட்டோவின் முதுகில் மஞ்சள் பெயின்டில் 4172 என்று எழுதியிருந்தது. மேலப்பாளையத்து டீக்கடைக்காரர் உங்களுக்குச் சொந்தமா என்று வடிவு கேட்டாள். கேட்கும்போதே அது அசட்டுக் கேள்வி என்று தெரிந்தது. அவர் பாய், இவர் முப்புடாதி.

"அது நம்ம ராசி நம்பர்லா மேடம்," என்றார் முப்புடாதி. "அந்த பாய்க்கும் இதே நம்பர்தானாம். ஆஸ்பத்திரில சொன்னாங்க. அவருக்கு விழுந்த நம்பரே எனக்கும் விழுந்திருக்குன்னா பாத்துக்கிடுங்க!"

வடிவுக்குக் கையில் இருந்த பேனா நின்றுவிட்டது.

ஐயாயிரத்துக்கு மேல் டோக்கன் இருக்கும்போது, ஒரே நம்பர் இரண்டு தடவை வெல்வது நடக்கக் கூடியதே, நடக்கக் கூடாதது இல்லை என்று பஸ்ஸில் வரும்போது தனக்குத்தானே வகுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். ஆனாலும் பையிலிருந்த கட்டுரையை எடுத்துப் புரட்டினாள். வென்றவர்கள் பெயர்தான் வெளியே வரும், டோக்கன் நம்பர் வராது. அதைப் புதுப்பித்தவர் மட்டுமே அறிவார். அவளுடைய ஆய்விலும் டோக்கன் நம்பர் இல்லை. சாதியைப் பார்த்தவள், மதத்தைப் பார்த்தவள், வரிசையைப் பார்க்கவில்லை. குலுக்கிவிட்டால் வரிசை என்று ஒன்று இருக்காது என்பது புள்ளியியல்காரர்களுக்கு அவ்வளவு உறுதி.

மறுநாள் மாதம் பிறந்தது, இணையதளம் திறந்தது. அன்று காலையிலேயே வடிவு துறைக்குப் போய், தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு குலுக்கல் புரோகிராமைத் திறந்தாள். மேற்பார்வைக் குழுவில் அவளும் இருந்ததால் பார்க்க உரிமை இருந்தது. அணை நீர்மட்டத்தைக் கேட்டு வாங்கும் வரி சரியாக இருந்தது. அதற்குக் கொஞ்சம் கீழே, யாரும் திரும்பிப் பார்க்காத இடத்தில் இன்னொரு வரி இருந்தது. விதை, 613.

அந்த நம்பர் அவளுக்குத் தெரியும். துறையில் எல்லாருக்கும் தெரியும். துறையைத் தொடங்கின பெரியவர் கல்லூரி நாளில் ஒரு தடவை பெயிலாகிப் போனார். அந்தப் பரீட்சைக்கு அவருடைய பதிவு எண் 613. தோற்ற நம்பரை மறக்கக் கூடாது என்று அதையே எல்லா வகுப்புக்கும் விதையாக வைத்தார். ஒரே விதையைப் போட்டால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே விடை வரும், திருத்துகிறவருக்குச் சுலபம். அதிலிருந்து இந்தத் துறையில் படிக்கிற எவரும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால், பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி அந்த வரியைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த காரியம். வடிவும் அப்படித்தான் படித்தாள், அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாள். குலுக்கல் புரோகிராமை எழுதினவர்கள் அவளிடம் படித்த பிள்ளைகள். சோதித்துப் பார்க்கும்போது கை பழக்கத்தில் போட்டிருப்பார்கள், பிறகு எடுக்க மறந்திருப்பார்கள். கீழே வருகிற வரிதான் செல்லும் என்பதால், எல்லார் முன்னிலையிலும் நீர்மட்டத்தைச் சத்தமாக வாசித்து உள்ளே போட்டதெல்லாம் வெறும் சடங்கு. அணையில் தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் கம்ப்யூட்டர் 613-ஐ வைத்துத்தான் குலுக்கியது.

ஓட்டிப் பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு டோக்கன் நம்பர்கள் வந்தன. திரும்ப ஓட்டினாள், அதே நம்பர்கள். இரண்டு வருடமாக, ஒவ்வொரு மாதமும், அதே இடங்களில் நின்றவர்களுக்குத்தான் தொட்டி. 4172 அதில் இருந்தது. முதல் நூறுக்குள் ஒன்றுகூட இல்லை.

ஆசீர்வாதம் விடியுமுன்னே குளித்து, ஜெபம் செய்துவிட்டு, உலகம் அழியும் வரை முதல் ஆளாகப் போட்டாலும் அவர் மகளுக்கு விழாது. சமமான வாய்ப்பு என்று அவரிடம் சொன்னவள் தானேதான் என்பது நினைவுக்கு வந்ததும் வடிவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அன்று மாலை தம்பி வீட்டுக்குப் போனாள். டயாலிசிஸ் முடிந்து வந்து கட்டிலில் சாய்ந்திருந்தான். முகம் வெளிறி, காலில் நீர் கோத்து, நாற்பது வயசுக்காரன் மாதிரியே இல்லை. அவன் மனைவி செண்பகம் வடிவை அடுக்களைக்குக் கூப்பிட்டு, கை நரம்பு ஊசிக்குப் பிடிகொடுக்கவில்லையாம், டாக்டர் இனிமேல் கழுத்து வழியாகப் போட வேண்டியிருக்கும் என்கிறார் என்று மெல்லிய குரலில் சொன்னாள். எத்தனை நாளைக்கு அண்ணி தாங்கும் என்று கேட்டாள்.

வடிவு திரும்பி வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்வதற்கு ஒரு நிமிஷம் போதும். நாளை மத்தியானம் டோக்கன் எத்தனை வரை ஓடியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இரு, 4172 வரும்போது தட்டு. தப்பினால் இன்னும் நாலைந்து நம்பர் இருக்கிறது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"பேர் புதுப்பிச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

"நாளைக்குப் போடுதேன்."

"அந்த ராசி நம்பர் கோட்டிக்காரத்தனமெல்லாம் ஒண்ணும் இல்லியே?"

"நீதான் போகக் கூடாதுன்னுட்டியே. சத்தியம்லாம் வாங்கிட்டு இப்ப என்ன கேள்வி?" என்றான் கைலாசம், முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு.

அவள் எழுந்து வந்துவிட்டாள். வழியெல்லாம் தன் தம்பிக்குத் தானே எமன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. சொல்லியிருந்தால் மட்டும் என்ன? யாருடைய தொட்டியைப் பிடுங்கினோம் என்று ஒருநாளும் தெரிந்திருக்காது. கமிட்டிக்காரர்களுக்கும் அது தெரிந்திருக்காது, அதனால்தான் அவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

மறுநாள் காலை செல்லத்துரையின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. கமிட்டி காலத்தில் தன் மாமியாரைப் பறிகொடுத்தவர். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, இது வெளியே போனால் என்ன ஆகும் என்று கேட்டார். குலுக்கலே ஏமாற்று என்பார்கள், கமிட்டிக்காரர்கள் அதற்குத்தான் காத்துக்கொண்டு இருக்கிறார்கள், அடுத்த வாரமே பழைய கமிட்டி திரும்பி வரும் என்றார். வடிவால் அதை மறுக்க முடியவில்லை. அவர் சொன்னது நடக்கும் என்பது அவளுக்கும் தெரியும்.

"யாருக்கும் தெரியாத வரைக்கும் அதுவும் குலுக்கல்தான மேடம்?" என்றார் செல்லத்துரை. "வேணும்னு யாரு செஞ்சா? எந்த எடத்துல விழும்னு யாருக்குத் தெரியும்?"

"மொத டோக்கன் போடுத மனுஷனுக்கு அது குலுக்கல் இல்ல சார். அவருக்கு எந்தக் காலத்துலயும் விழாது."

செல்லத்துரை தலையைக் குனிந்துகொண்டார். எடுத்துவிடலாம், எடுக்க வேண்டாம் என்று யார் சொன்னது என்றார். ஆனால் இந்த மாதம் வேண்டாம். புதுப்பித்தல் நடந்துகொண்டிருக்கும்போது புரோகிராமில் கை வைத்தால் சென்னைக்கு விளக்கம் எழுத வேண்டும், ஆயிரம் கேள்வி வரும். அடுத்த மாதம் வருடாந்தரப் பராமரிப்பு வருகிறது, அதோடு அதாகச் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம். இரண்டு வருடம் ஓடிவிட்டது, இன்னும் ஒரு மாதத்தில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது?

நியாயமான பேச்சுதான். வடிவுக்குக்கூடச் சரி என்று சொல்ல வாய் வந்தது. அவள் சரி என்று சொல்ல விரும்பினாள், அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"இன்னும் ஒரு மாசம் அது அங்க கெடந்தா, நான் எந் தம்பிகிட்டச் சொல்லிருவேன் சார்," என்றாள்.

செல்லத்துரை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கைலாசத்தை அவருக்குத் தெரியும், அவருடைய போன் இரண்டு தடவை அந்தக் கடையில்தான் உயிர் பிழைத்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பராமரிப்பு என்று காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டார். வடிவும் போட்டாள். அவள் கையாலேயே அந்த வரியை அழித்தாள். வெளியே மத்தியான வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, பசங்கள் சாப்பாட்டுத் தூக்கோடு வேப்பமரத்தடிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் தேதி கூடம் நிறைந்திருந்தது. வாசலில் ஆசீர்வாதம் வடிவைப் பார்த்து, இந்தத் தடவையும் டோக்கன் ஒன்று தனக்குத்தான் என்று சொல்லிவிட்டு முன்வரிசைக்குப் போனார். செல்லத்துரை பேப்பரை விரித்துப் பாபநாசம் அணையின் நீர்மட்டத்தை வாசித்தார். இந்த முறை அந்த எண் நிஜமாகவே உள்ளே போனது. குலுக்கல் துறைக்கு வந்த பிறகு நடந்த முதல் குலுக்கல் அதுதான், அதைத் தெரிந்தவர்கள் அந்தக் கூடத்தில் இரண்டே பேர்.

திரையில் பெயர்கள் வந்தன. தென்காசியில் ஒருவர், விளாத்திகுளத்தில் ஒரு பெண், நாகர்கோவிலில் ஒரு சின்னப் பையன். ஜெபக்கனி பெயர் வரவில்லை. கைலாசம் பெயரும் வரவில்லை. இத்தனை பாடுபட்டதற்கு அந்த மனிதருக்காவது விழுந்திருக்கக் கூடாதா என்று வடிவுக்கு ஆற்றாமையாக இருந்தது. அப்படி நினைக்கக் கூடாதென்று வகுப்பில் சொல்கிறவளும் அவள்தான். ஆசீர்வாதம் எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, வழக்கமான மரியாதையோடு அவளைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அடுத்த மாசம் பாப்போம் மேடம். மொத ஆளா போட்டுருவேன்."

"போடுங்க," என்றாள் வடிவு. "விழும்." அந்த மனிதரிடம் அவள் இதுவரை சொன்னதிலேயே, உண்மைக்கு மிகக் கிட்டே வந்தது அதுதான். விழலாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும், வாய் முந்திக்கொண்டது.

அறைக்கு வந்து உட்கார்ந்தபோது போன் அடித்தது. கைலாசம். குரலில் வருத்தம் இல்லை, குறும்புதான் இருந்தது.

"யக்கா, ஒண்ணு சொல்லுதேன், வையக் கூடாது."

"சொல்லு."

"சத்தியத்த மீறிட்டேன். நாலு மாசமா அந்த நம்பரப் பிடிக்கத்தான் கம்ப்யூட்டர் சென்டர்ல போயி உக்காந்துக்கிட்டு இருந்தேன். ஒவ்வொரு மாசமும் ஒண்ணு, ரெண்டுல தப்பிரும். இந்த மாசம், ரெண்டாம் நாளு மத்தியானம், சோறுகூடத் திங்காம கெடந்து பிடிச்சிட்டேன்க்கா. 4172. செண்பகத்துக்கு மட்டுந்தான் தெரியும். அவ முருகனுக்கு முடி எறக்குதேன்னு நேந்துகூட வச்சிட்டா."

இரண்டாம் நாள் மத்தியானம். வேப்பமரத்தடிக்குப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, அவள் கை அந்த வரியின்மேல் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு மாதம் பொறுக்கலாம் என்று செல்லத்துரை சொன்னார். வடிவு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா, சத்தத்தக் காணும்? வையுததுன்னா வஞ்சிரு," என்றான் கைலாசம். பிறகு சிரித்தான், மூச்சு வாங்கியது. "நீ சொன்னதுதான் சரி. ராசி நம்பர்னு ஒண்ணு கிடையாது. இப்பவாச்சும் படிச்சிட்டேம்லா, மார்க்குப் போடு."

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள் வடிவு.

இனிமேல்தான் என்றான். அளவாகத் தண்ணீர் குடி, உப்பைக் குறை என்று எப்போதும் சொல்கிறதைச் சொன்னாள். ராத்திரிக்கு வருகிறேன் என்றாள். போனை வைத்த பிறகுதான் அழுதாள். யாராவது வந்துவிடுவார்களோ என்று கதவைப் பார்த்துக்கொண்டே, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

சாயந்தரம் அச்சகத்திலிருந்து ஆள் வந்துவிட்டான். சிறப்பிதழில் கடைசிப் பக்கம் மட்டும் காலியாக இருந்தது. நேர்மையைப் பற்றிய கட்டுரையை வடிவு எடுத்துவிட்டாள், இடம் போதவில்லை என்று செல்லத்துரையிடம் சொன்னாள், அவரும் தலையாட்டினார். டீக்கடை பேட்டியையும் ஆட்டோ பேட்டியையும் எடுத்துவிட்டாள். குலுக்கல் பற்றி ஒரு வரியாவது போட வேண்டுமே என்று அச்சகத்து ஆள் கேட்டான்.

'இம்மாதக் குலுக்கல் வழக்கம்போல் நேர்மையாக நடைபெற்றது' என்று எழுதினாள். எழுதினதை ஒரு தடவை வாசித்துப் பார்த்தாள். பேனாவை எடுத்து, வழக்கம்போல் என்பதை மட்டும் அடித்துவிட்டு, தாளை அவனிடம் கொடுத்தாள்.